அப்பாவோட 9 வருஷ லக்சுரி கார்: விக்கவா, வச்சுக்கவா?

ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. கடிதம் பெருசு, முக்கியமானத மட்டும் எடுத்து போடுறேன்.

"அண்ணா வணக்கம். அப்பா ரிட்டையர் ஆனப்போ ஆசை ஆசையா வாங்கின ஜெர்மன் செடான், 6 சிலிண்டர் டீசல், ஏர் சஸ்பென்ஷன். 9 வருஷம் ஆச்சு, 82,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. சர்வீஸ் ஒண்ணு விடாம கம்பெனி சென்டர்லயே பண்ணியிருக்கோம், பேட்டரி மட்டும் 2 வருஷம் முன்னாடி வெளில மாத்தினோம். முதல் 5 வருஷம் ஒரு தொல்லையும் இல்ல. இப்ப ஒண்ணரை வருஷமா அப்பா ஓட்டுறதில்ல, நான்தான் வாரத்துல ரெண்டு தடவ பக்கத்துல போயிட்டு வருவேன். காலைல பாத்தா முன்னாடி இடது பக்கம் இறங்கி நிக்குது, ஸ்டார்ட் பண்ணினா எழுந்துக்குது. ஒரு நாள் பிரேக் லைட் எரியுது, ஒரு நாள் ஸ்டியரிங் லைட், மறுநாள் ஒண்ணுமே இல்ல. சர்வீஸ் சென்டர்ல 11 அயிட்டத்துக்கு எஸ்டிமேட் குடுத்துட்டாங்க, வண்டிய இன்னிக்கு வித்தா வர்ற காசுல பாதி அது. வீட்டுல எல்லாரும் வித்துடுன்னு சொல்றாங்க. அப்பா ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா சாயங்காலம் ஆனா போய் துடைச்சு வச்சுட்டு வர்றாரு. இவ்ளோ விலை குடுத்து வாங்கின வண்டி ஏண்ணா இப்படி ஆகுது, சின்ன வண்டி எல்லாம் 15 வருஷம் சும்மா ஓடுதே?"

வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இந்த வாரம் வண்டிய விக்க வேணாம், அந்த எஸ்டிமேட்ல கையெழுத்தும் போட வேணாம். நீங்க அனுப்பின லிஸ்ட்ட ரெண்டு மூணு தடவ படிச்சேன். 11 அயிட்டம்னு போட்டிருந்தாலும் அடியில இருக்கிற பிரச்சனை நாலோ அஞ்சோதான்னு எனக்கு தோணுது, மத்தது அதோட நிழல். அத கடைசில பிரிச்சு சொல்றேன், அதுக்கு முன்னாடி நீங்க கேட்ட "ஏன்"க்கு பதில் சொல்லணும், ஏன்னா அது புரிஞ்சாதான் எதுக்கு செலவு பண்ணலாம் எதுக்கு கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்.

82,000தான் ஓடியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. நிறைய பேர் அத நல்ல செய்தின்னு நினைக்கிறாங்க, இஞ்சினோட உள் பாகத்துக்கு அது நல்ல செய்திதான், ஆனா இந்த மாதிரி வண்டில முதல்ல போறது இஞ்சின் இல்லம்மா. ரப்பர், பிளாஸ்டிக், சீல், ஹோஸ், பேட்டரி இதெல்லாம்தான். இதுங்க கிலோமீட்டர் கணக்குல கிழடாகாது, வருஷ கணக்குலயும் சூட்டு கணக்குலயும்தான் கிழடாகும். லக்சுரி வண்டில இந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும் சாதா வண்டிய விட பல மடங்கு ஜாஸ்தி. சின்ன வண்டில ஸ்பிரிங்னா இரும்பு சுருள், 20 வருஷம் ஆனாலும் அது பாட்டுக்கு இருக்கும், உங்க வண்டில அந்த வேலைய காத்து அடைச்ச ஒரு ரப்பர் பை செய்யுது. மடிஞ்சு மடிஞ்சு விரியற எடத்துல ரப்பர் வெடிக்கறது இயற்கை. சின்ன வண்டில உடையறதுக்கு அந்த பொருளே இல்ல, அதான் வித்தியாசம்.

ரெண்டாவது காரணம், இந்த வண்டிங்க யாருக்காக கணக்கு போட்டு செய்யப்படுதுங்கறது. பெரிய மார்க்கெட்டுகள்ல புது லக்சுரி கார் நிறைய 3, 4 வருஷ லீஸ்ல போகுது. முதல் ஓனர் அதுக்குள்ள திருப்பி குடுத்துட்டு அடுத்தது எடுத்துடுவாரு. அவருக்கு சர்வீஸ் செலவு கம்மியா தெரியணும், அதனால ஆயில் மாத்துற இடைவெளிய நீட்டிட்டாங்க, ஐரோப்பால ஃபோக்ஸ்வாகன் குரூப் வண்டிங்களுக்கு லாங் லைஃப் சர்வீஸ்னு 30,000 கிலோமீட்டர் இல்ல 2 வருஷம் வரைக்கும்னு வச்சாங்க. முதல் ஓனருக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்ல, மூணாவது ஓனருக்குதான் இஞ்சின் உள்ள கசடு படிஞ்சு நிக்கும். ஜே.டி. பவர்ங்கற அமெரிக்க ஆய்வு கம்பெனி வருஷா வருஷம் வெளியிடற டிபென்டபிலிட்டி சர்வே, அதாவது வண்டி எவ்ளோ நம்பலாம்ங்கற சர்வே பாத்துட்டு இந்த பிராண்ட் நல்லா உழைக்கும்னு வாங்குறவங்க உண்டு, அது 3 வருஷம் ஆன வண்டிங்கள பத்தின சர்வே, 9 வருஷ வண்டி எப்படி இருக்கும்னு அதுல ஒரு வரி கூட கிடையாது.

"லைஃப்டைம் ஆயில்"ங்கற வார்த்தை இருக்கு பாருங்க, எனக்கு இந்த தொழில்ல ரொம்ப வருத்தம் குடுக்கற வார்த்தை அதுதான். கியர்பாக்ஸ் ஆயில் மாத்தவே வேணாம், ஆயுசுக்கும் போதும்னு மேனுவல்ல போட்டுடறாங்க. இந்த ரக வண்டிங்க பலதுல வர்ற 8 ஸ்பீட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ செய்யற இசட்எஃப் கம்பெனியே என்ன சொல்லுதுன்னா, 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லைனா 8 வருஷத்துல மாத்துங்கன்னு. கியர்பாக்ஸ் செஞ்சவன் மாத்துன்னு சொல்றான், கார் செஞ்சவன் வேணாம்னு சொல்றான். யாரோட ஆயுசு அதுன்னு கேக்கணும்ல? வாரண்டியோட ஆயுசுதான்.

மூணாவது, வேலை செய்யறதுக்கு எடம் இல்லாம அடைச்சு வச்சிருக்கறது. மெர்சிடிஸோட ஓஎம்642ன்னு ஒரு வி6 டீசல் இஞ்சின், நல்ல இஞ்சின்தான், அதுல ஆயில் கூலர் ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவுல பள்ளத்துல உக்காந்திருக்கு, அதோட சீல் சூட்டுல இறுகி ஆயில் கசியும். சீல் என்னவோ விரல் நுனில வைக்கற சைஸ் ரப்பர், ஆனா அத தொடணும்னா மேல இருக்கற டர்போல இருந்து இன்டேக் வரைக்கும் எல்லாத்தையும் கழட்டணும், ஒரு முழு நாளுக்கு மேல வேலை. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்களே, அப்படியே அதுதான். பிஎம்டபிள்யூ 2007ல கொண்டு வந்த என்47 டீசல்ல டைமிங் செயினையே இஞ்சினோட பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமா வச்சாங்க, செயின் சத்தம் போட ஆரம்பிச்சா ஒண்ணு இஞ்சின இறக்கணும் இல்ல கியர்பாக்ஸ இறக்கணும். அதே கம்பெனியோட என்63 வி8ல டர்போ ரெண்டையும் வி வடிவத்துக்கு நடுவுல வச்சதுல சூடு போக வழியில்லாம வால்வ் சீல் எல்லாம் வெந்து ஆயில் குடிக்க ஆரம்பிச்சது, கடைசில 2014 டிசம்பர்ல அமெரிக்கால கம்பெனியே கஸ்டமர் கேர் பேக்கேஜ்னு ஒண்ணு அறிவிச்சு அந்த வண்டிங்களுக்கு பாகங்கள பார்த்து மாத்தி குடுக்க வேண்டியதாச்சு.

புது டெக்னாலஜிய முதல்ல பரிசோதிக்கறதும் இந்த வண்டிங்கள்லதான், அது இன்னொரு பக்கம். மெர்சிடிஸ் எஸ்பிசின்னு ஒரு எலக்ட்ரானிக் பிரேக் கொண்டு வந்தாங்க, 2001ல எஸ்எல், அடுத்து 2002ல இ கிளாஸ். பெடல மிதிச்சா கம்ப்யூட்டர் கணக்கு போட்டு பம்ப் மூலமா ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா அழுத்தம் குடுக்கும், யோசனை அருமையானது. 2004ல 6,80,000 வண்டி ரீகால், அதாவது குறைய சரி பண்ண கம்பெனியே திரும்ப கூப்பிட்டாங்க, 2005ல 13 லட்சம் வண்டி ரீகால்ல மறுபடி அதுவும் ஒரு காரணம், அப்புறம் இ கிளாஸ்ல அத தூக்கிட்டு பழைய ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பிட்டாங்க. போர்ஷே இஞ்சினுக்குள்ள ஐஎம்எஸ்னு ஒரு பேரிங் உடைஞ்ச கதை, 90கள்ல வந்த மெர்சிடிஸ்ல வயரிங் மேல இருக்கற உறை பொடிப்பொடியா உதிர்ந்த கதைன்னு சொல்லிட்டே போகலாம். உங்க பிராண்ட் மட்டும் மோசம்னு நீங்களோ உங்கப்பாவோ நினைக்க வேணாம்னுதான் இவ்ளோ சொன்னேன்.

அப்ப லக்சுரின்னாலே இப்படித்தானான்னா இல்லம்மா. 1989ல லெக்சஸ் எல்எஸ்400 வந்தப்ப, ஜெர்மன் கம்பெனிங்களுக்கு சமமான சொகுசு, ஆனா உள்ள டர்போ இல்லாத வி8, பழக்கப்பட்ட முறைகள், தாராளமா விட்ட அளவுகள். 1983ல இருந்து ஆறு வருஷம் உக்காந்து செஞ்ச வண்டி அது, இன்னிக்கும் பல லட்சம் கிலோமீட்டர் ஓடினது நல்ல நிலைமைல கிடைக்குது. அதுலயும் வந்த சில மாசத்துலயே ஒரு சின்ன ரீகால் இருந்துச்சு, குறை இல்லாத வண்டின்னு எதுவுமே கிடையாது. நீண்ட நாள் உழைக்கணும்னு முடிவு பண்ணி செஞ்சா சொகுசு வண்டியும் உழைக்கும்ங்கறதுக்கு அது சாட்சி.

இப்ப உங்க வண்டிக்கு வர்றேன்.

லிஸ்ட்ல இருக்கறத விட, இல்லாத ரெண்டு விஷயம்தான் என் கண்ணுல முதல்ல பட்டுது. ஒண்ணு பேட்டரி, இன்னொண்ணு கியர்பாக்ஸ் ஆயில்.

பேட்டரி வெளில மாத்தினோம்னு ஒரு வார்த்தைல எழுதிட்டு போயிட்டீங்க, எனக்கு பாதி பதில் அங்கதான் இருக்குன்னு தோணுது. இந்த வண்டிங்களுக்கு ஏஜிஎம்னு ஒரு வகை பேட்டரி வரும், அதுக்கு பதிலா சாதா பேட்டரி வச்சிருந்தாங்கன்னா சார்ஜிங் கணக்கே தப்பாகும். சரியான பேட்டரியே வச்சிருந்தாலும், பல வண்டில புது பேட்டரி போட்டத ஸ்கேனர்ல ரெஜிஸ்டர் பண்ணணும், இல்லைனா கம்ப்யூட்டர் இன்னும் பழைய பேட்டரி இருக்குன்னு நினைச்சே சார்ஜ் பண்ணிட்டு இருக்கும். அதோட நீங்க வாரத்துல ரெண்டு தடவ பக்கத்துல போயிட்டு வர்றீங்க, அந்த ஓட்டத்துல ஸ்டார்ட் பண்ண செலவான கரண்டே திரும்பி ஏறாது. வோல்டேஜ் கம்மியானா என்ன ஆகும்னா, வண்டில இருக்கற பல டஜன் கம்ப்யூட்டரும் ஆளுக்கொரு புகார் குடுக்கும், கரண்ட் அதிகமா இழுக்கற எலக்ட்ரிக் ஸ்டியரிங்கும் பிரேக் கன்ட்ரோலும் முதல்ல கத்தும். ஒரு நாள் பிரேக், ஒரு நாள் ஸ்டியரிங், மறுநாள் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நிஜமா கெட்டுப்போன ஸ்டியரிங் ரேக் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நல்லாயிடறது ரொம்ப அபூர்வம். அதனால லிஸ்ட்ல இருக்கற பிரேக் மாட்யூல் (பிரேக்க கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் பெட்டி), ஸ்டியரிங் ரேக் ரெண்டையும் தள்ளி வைங்க, அந்த எஸ்டிமேட்ல பெரிய தொகையே இதுங்கதான். அதுக்காக லைட்ட அலட்சியம் பண்ண சொல்லல, பிரேக் லைட் எரியற நேரத்துல வண்டிய எடுக்காதீங்க, பெடல் ஆழமா போச்சுன்னாலோ ஸ்டியரிங் கனமாச்சுன்னாலோ ஓட்டறத நிறுத்திட்டு டோ பண்ணித்தான் கொண்டு போகணும்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, பெரிய விஷயம் இல்ல. வண்டிய பூட்டி ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல பேட்டரி முனைல வோல்டேஜ் பாருங்க. 12.6 பக்கம் இருந்தா நல்லா இருக்கு, 12.2ன்னா பாதிதான் இருக்கு, 12க்கு கீழன்னா நீங்க பாக்கற அத்தனை லைட்டுக்கும் அதுவே காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். வண்டி பூட்டி அரை மணி நேரம் கழிச்சும் 50 மில்லிஆம்ப்புக்கு மேல கரண்ட் இழுத்துட்டு இருந்தா ஏதோ ஒண்ணு தூங்காம முழிச்சிருக்கு, அத ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கண்டுபிடிச்சுடுவாரு.

கூடவே தண்ணியும் பாருங்க. சன்ரூஃப் இருந்தா அதோட நாலு மூலைலயும் தண்ணி வடியற குழாய் இருக்கும், தூசியும் இலையும் அடைச்சா தண்ணி உள்பக்கமா இறங்கி கார்பெட் அடில தேங்கும், இந்த வண்டிங்கள்ல மாட்யூல் பலது சீட்டுக்கு அடிலயும் டிக்கி ஓரத்துலயும்தான் இருக்கு. என்கிட்ட ஒரு வண்டி வந்துச்சு, வேற எடத்துல மூணு மாட்யூல் மாத்தி மூணும் திரும்ப போயிடுச்சு, அந்த ஓனர் கண்கலங்காத குறையா நின்னாரு. கார்பெட்ட தூக்கினா ஸ்பாஞ்ச் ஊறி சொட்டுது. குழாய்ல அடைப்பு எடுத்து, காய வச்சு, ஒரு கனெக்டர் சுத்தம் பண்ணி, ஒரே ஒரு மாட்யூலோட முடிஞ்சுது. அந்த மூணுக்கு குடுத்த காசு போனது போனதுதான், இன்னிக்கும் நினைச்சா மனசு ஆறல. அதனால கைய விட்டு கார்பெட் அடில அழுத்தி பாருங்க, ஈரமோ பூஞ்சை வாசமோ இருந்தா மெக்கானிக்கிட்ட முதல்ல அத சொல்லுங்க.

அடுத்தது இடது பக்கம் இறங்கறது, இது நிஜமான பிரச்சனை, தள்ளிப் போடாதீங்க. ராத்திரி நிறுத்தும்போது சக்கரத்தோட நடு பாயிண்ட்ல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு நாலு பக்கமும் அளந்து எழுதி வைங்க, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மறுபடி அளங்க. ஒரு மூலை மட்டும் இறங்கினா அந்த மூலை ஸ்ட்ரட்லயோ (காத்து பை இருக்கற தூண்) அதுக்கு போற பைப் இணைப்புலயோதான் லீக். சோப்பு தண்ணி தெளிச்சா நுரை கட்டி காட்டிக் குடுத்துடும், அத ஒர்க்‌ஷாப்ல பண்ண சொல்லுங்க, ஏர் சஸ்பென்ஷன் வண்டி அடில நீங்க கைய காலை விடவே கூடாது, திடீர்னு இறங்கிடும். தள்ளிப் போடக்கூடாதுன்னு ஏன் சொல்றேன்னா, லீக்க சரி கட்ட காத்து அடிக்கற கம்ப்ரசர் ஓயாம ஓடும், அது அவ்ளோ நேரம் ஓடறதுக்கு செஞ்சது இல்ல, சீக்கிரமே எரிஞ்சு போகும். ஒரு ரப்பர் பையோட முடிய வேண்டியது ரெண்டு செலவாயிடும். உங்க லிஸ்ட்ல கம்ப்ரசரும் போட்டிருக்காங்க, வண்டி இன்னும் எழுந்துக்குதுன்னா அது உயிரோடதான் இருக்கு, முதல்ல லீக்க சரி பண்ணிட்டு அப்புறம் அத சோதிச்சு பாக்க சொல்லுங்க, மாத்தித்தான் ஆகணும்னா அதோட ரிலேவையும் சேத்து மாத்துங்க. ஸ்ட்ரட் முன்னாடி ரெண்டுமே போட சொல்றது நியாயம்தான், ரெண்டுக்கும் ஒரே வயசு. இதுக்கு ஒரிஜினல் பெட்டில மட்டும்தான் வாங்கணும்னு இல்ல, கார் கம்பெனிக்கு செஞ்சு குடுக்கற சப்ளையரே தன் பேர்ல விக்கற பாகமும், நல்லா ரீபில்ட் பண்ணினதும் கிடைக்கும். ரொம்ப மலிவா பேர் தெரியாததுன்னு வந்தா மட்டும் வேணாம்.

கியர்பாக்ஸ் ஆயில், 9 வருஷம் ஆச்சு, மாத்துங்க. உங்க கியர்பாக்ஸ்ல ஆயில் பேனும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டா இருக்கலாம், அப்படின்னா முழுசா மாத்தணும். சரியான ஸ்பெக் ஆயில், சரியான சூட்டுல லெவல் பாத்து ஊத்தறவங்ககிட்ட மட்டும் குடுங்க.

டிபிஎஃப் கிளீனிங்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, டிபிஎஃப்னா டீசல் புகைல இருக்கற கரிய பிடிக்கற ஃபில்டர், அது வண்டி ஓட்டற பழக்கத்தோட விளைவு. புகைக்கரிய எரிக்க அந்த ஃபில்டருக்கு 600 டிகிரி பக்கம் சூடு வேணும், பக்கத்து தெரு வரைக்கும் போற ஓட்டத்துல அது வரவே வராது, எரிக்க முயற்சி பண்ணி பாதில நின்னு டீசல் போய் இஞ்சின் ஆயில்ல கலந்துடும். டிப்ஸ்டிக்கோ ஸ்கிரீனோ ஆயில் லெவல் ஏறியிருக்குன்னு காட்டினா அதான் அர்த்தம். பேட்டரியும் சஸ்பென்ஷனும் சரியானதுக்கு அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ அரை மணி நேரம் நல்ல ரோட்டுல சீரான வேகத்துல ஓட்டுங்க, பாதி தன்னால சரியாகும், ஆகலைனா அப்ப கிளீன் பண்ணலாம். இஞ்சின் ஆயிலையும் மேனுவல் சொல்ற இடைவெளில பாதிக்கு மாத்துங்க, இல்ல வருஷத்துக்கு ஒரு தடவ.

டயர் 9 வருஷத்துதுன்னா, பட்டன் நல்லா இருந்தாலும் மாத்துங்க, சைடுல இருக்கற 4 நம்பர்ல எந்த வாரம் எந்த வருஷம்னு இருக்கும். பிரேக் ஃப்ளூயிட், எக்ஸ்பேன்ஷன் டேங்க் (கூலன்ட் இருக்கற பிளாஸ்டிக் தொட்டி) ரெண்டும் சரியான ஆலோசனை, பண்ணிடுங்க, டேங்க் வெடிச்சு கூலன்ட் போய் இஞ்சின் சூடேறினா அதோட கதை வேற. இஞ்சின் மவுண்ட், கன்ட்ரோல் ஆர்ம் அவசரம் இல்ல. ஆயில் கூலர் சீல், எவ்ளோ கசியுதுன்னு பாக்கணும், ஈரமா இருந்தா கண்காணிக்கலாம், தரைல சொட்டினா பண்ணணும்.

இன்னொண்ணு, காசே செலவில்லாதது. வண்டியோட 17 எழுத்து சேசிஸ் நம்பர கம்பெனி வெப்சைட்ல போட்டு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கான்னு பாருங்க. 2018ல பிஎம்டபிள்யூ டீசல்கள்ல, இஞ்சினுக்கு திரும்ப அனுப்பற புகைய குளிர வைக்கற இஜிஆர் கூலர் லீக்காகி தீப்பிடிக்கற ஆபத்துன்னு உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிய கூப்பிட்டாங்க, அந்த மாதிரி ஏதாவது உங்க நம்பருக்கு இருந்தா இலவசமா பண்ணி குடுப்பாங்க, ஓனர் கேக்காம விட்டுப்போனது நிறைய பாத்திருக்கேன்.

இப்ப விக்கறதா வேணாமா. பேட்டரி, ஒரு ஜோடி ஸ்ட்ரட், கியர்பாக்ஸ் ஆயில், டயர், சில்லறை வேலைங்க, இதோட நின்னா வச்சுக்கோங்கன்னுதான் சொல்லுவேன். முழு சர்வீஸ் ரெக்கார்டோட ஒரே குடும்பத்து கைல இருந்த வண்டி, நீங்க வித்துட்டு அதே காசுக்கு வெளில தேடினா இவ்ளோ சரித்திரம் தெரிஞ்ச வண்டி கிடைக்கறது கஷ்டம். ஆனா ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கணும், வண்டியோட விலை குறைஞ்சிருக்கே தவிர அதோட பாகங்களோட விலை குறையல, அது புதுசா வாங்கின அன்னிக்கு என்ன ரகமோ அதே ரகத்துலதான் இருக்கும். வருஷா வருஷம் இதுக்குன்னு ஒரு தொகைய தனியா எடுத்து வைக்க முடியும்னா வச்சுக்கோங்க, வீட்டு செலவுல கை வச்சுதான் இத ஓட்டணும்னா அது சரியில்ல. கூலன்ட்ல ஆயில் கலந்திருந்தாலோ, கியர் மாறும்போது வழுக்கினாலோ, குளிர்ந்த இஞ்சின ஸ்டார்ட் பண்ணும்போது செயின் கடகடன்னு சத்தம் நிக்காம கேட்டாலோ கணக்கு மாறிடும், அப்ப இருக்கற நிலைமைய மறைக்காம சொல்லி, ஸ்கேன் ரிப்போர்ட்ட கைல குடுத்து வித்துடுங்க. எரர் கோட அழிச்சுட்டு விக்க சொல்லி யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, வாங்கறவரும் உங்கப்பா மாதிரி ஆசைப்பட்டு வாங்கறவராத்தான் இருப்பாரு.

ஒர்க்‌ஷாப்புக்கு போறப்ப அப்பாவையும் கூட்டிட்டு போங்கம்மா. 9 வருஷம் அந்த வண்டி சத்தத்த கேட்டவரு, எது புது சத்தம் எது பழசுன்னு எந்த ஸ்கேனரை விடவும் அவருக்கு தெரியும், மெக்கானிக்குக்கு அது பெரிய உதவி. வீட்டுல இருக்கற நாள்ல டேப் வச்சு அளக்கற வேலையையும் அவர்கிட்டயே குடுங்க. மூணு நாள் காலைல எடுத்த வோல்டேஜ், நாலு மூலை அளவு, பேட்டரி மேல என்ன வகைன்னு எழுதியிருக்குங்கறது, இது மூணையும் எனக்கு அனுப்புங்க, அந்த 11 அயிட்டத்துல எது எதுல கோடு போடலாம்னு பாத்து எழுதறேன்.